ரெண்டாவது ராக்கெட்டு

அறுபத்து மூன்று சதவீதம் வரை மளமளவென்று ஓடி வந்த டவுன்லோடின் நீலப் பட்டை அதற்கு மேல் நகர மாட்டேன் என்று நின்றுவிட்டது. பரவாயில்லை, ஏழு வருஷம் காத்திருந்தவனுக்கு இன்னும் முப்பத்தேழு சதவீதம் ஒரு பெரிய காரியமா என்று செங்குட்டுவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டே தலையைத் திருப்பி ஹாலில் இருந்த இன்வெர்ட்டரைப் பார்த்தான். பச்சை விளக்குதான் எரிந்தது. இன்று செவ்வாய்க்கிழமை, அவர்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை கரண்ட் கிடையாது என்று பேப்பரில் போட்டிருந்தது. விண்கலம் கட்டிப் பறக்கவிடும் அந்த விளையாட்டின் இரண்டாம் பாகம் இன்று காலை பத்தரைக்கு வெளியாகிறது என்று உலகம் முழுக்க ஆட்கள் லீவ் போட்டார்கள், செங்குட்டுவனும் போட்டான். ஆனால் லீவ் போடுகிற நாளில் கரண்ட் இருக்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற புத்தி, திருச்சியில் நாற்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இல்லாமல் போயிற்று. வேற்றுக் கிரகத்தில் எந்தப் பக்கம் காற்று அடிக்கும் என்று கேட்டால் சொல்வான், தன் தெருவில் எப்போது மின்சாரம் நிற்கும் என்று தெரியாது. இந்த மாதிரி ஆட்களை என்ன செய்வது. இன்வெர்ட்டர் பிளக்கிலிருந்து நீள வயரை இழுத்து, ஹாலைத் தாண்டி, படுக்கையறைக் கதவிடுக்கில் நசுங்காமல் ஒரு பழைய செருப்பை முட்டுக் கொடுத்து, கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்திருந்தான். ஒன்றரை மணி நேரம் தாங்கும். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தால் தாங்கும். ஊற்றினோமா? போன மாதம் ஊற்ற வேண்டும் என்று நினைத்தது நினைவிருக்கிறது, ஊற்றியது நினைவில்லை. சமையலறையில் பூங்கொடி எதையோ இடிக்கும் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், வெள்ளிக்கிழமை ஆரோக்கியசாமி சாரோட ரிடையர்மென்ட் பார்ட்டிக்கு நானும் வர்றேங்க, அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும் என்று. ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள். அவனுக்கு ரசம் தொண்டையில் நின்றது. நீலப் பட்டையும் இப்போது அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறது, இறங்கவும் மாட்டாமல் ஏறவும் மாட்டாமல்.

அந்த ஒரு வார்த்தை என்னவாக இருக்கும் என்று யோசிக்கத் தேவையே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை பூங்கொடியின் அப்பா ராஜமாணிக்கம் ஆஸ்பத்திரியில் ஒன்றரை மணிக்கு இறந்துபோனார், செங்குட்டுவன் ஒன்று ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தான். ஏன் இவ்வளவு நேரம் என்று அவள் கேட்டதற்கு, ஆபீஸ்ல விடலை என்றான். ஆபீஸில் விடாதவர் அவன் மேனேஜர் ஆரோக்கியசாமி. அந்த ஆரோக்கியசாமி வெள்ளிக்கிழமை கழுத்தில் மாலையைப் போட்டுக்கொண்டு, சாக்லேட் கேக் வெட்டி, முப்பத்திரண்டு வருஷ சர்வீஸைப் பற்றி நாலு வார்த்தை பேசி முடிக்கும்போது பூங்கொடி நேரே போய் நிற்பாள். எங்கப்பா சாகுற நேரத்துல என் புருஷனை ஏன் சார் விடல என்பாள். அவளுக்கு மெதுவாகப் பேச வராது, மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும். அவர் என்ன சொல்வார்? அவர் உண்மையைச் சொல்வார். ஆபீஸ்ல விடலை என்பதில் பாதி உண்மை இருந்தது, மீதிப் பாதி இருக்கிறதே, அது. சரி, பட்டை நகர்கிறதா? அறுபத்து நான்கு. நகர்கிறது, நகர்கிறது. மாமா இருந்தால் கை தட்டியிருப்பார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், காத்திருப்பது என்றால் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்தக் காலத்துல டிரங்க் கால் புக் பண்ணிட்டு காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அசையாம உக்காந்திருப்பாங்க மாப்ள, கடைசியில லைன் கிடைச்சதும் நல்லாருக்கியான்னு கேட்டுட்டு வச்சிடுவாங்க என்று சிரிப்பார். மாமியார் போன பிறகு இவர்களோடு வந்து இருந்தவர், முதல் பாகத்தை ஒரு நாள் தற்செயலாகத்தான் பார்த்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, என்ன மாப்ள இது, படமா என்றார். படம் இல்லை மாமா, நாமே ராக்கெட் கட்டி விடலாம், எரிபொருள் கணக்குத் தப்பினால் கீழே விழுந்துவிடும் என்றான். விடுங்க பாப்போம் என்றார். விட்டான். விழுந்தது. அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், மாப்பிள்ளை முன்னால் அவர் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. மறுநாள் சாயங்காலம் பிளாஸ்டிக் நாற்காலியை அவராகவே தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் ஆறு வருஷம் அந்த நாற்காலி அங்கிருந்து நகரவில்லை. அவருடைய வேலை திரையின் ஓரத்தில் ஓடும் எண்களை உரக்கப் படிப்பது. உயரம் பன்னெண்டாயிரம், வேகம் எழுநூறு, எண்ணெய் பாதி இருக்கு மாப்ள, பாத்துக்குங்க. நிலவில் முதல் தடவை இறங்கியபோது எழுந்து நின்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார், இவர்தான் இறங்கி நடக்கப் போகிறவர் மாதிரி.

அவருக்கு ஒரே ஒரு குறை, சாவி ஒருவர் கையில்தான் இருக்கிறது, இன்னொருவர் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் பாகத்தில் ஒரே கலத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து ஓட்டலாம், ஒருவர் திசை பார்க்க இன்னொருவர் இயந்திரம் பார்க்கலாம் என்று கம்பெனிக்காரன் அறிவித்தபோது செங்குட்டுவன் அதைத் தமிழில் படித்துக் காட்டினான். ரெண்டாவது ராக்கெட்டு எப்ப வருது என்றார். அடுத்த வருஷம் மார்ச்சில் என்றான். அது ஏழு வருஷத்துக்கு முந்தின கதை. மார்ச் அக்டோபராயிற்று, அக்டோபர் அடுத்த வருஷத்துக் கோடையாயிற்று, கோடை வந்தபோது தரமே எங்கள் உயிர்மூச்சு, அதனால் இன்னும் சற்று அவகாசம் என்று கடிதம் வந்தது. செங்குட்டுவனுக்கு இந்தப் பாஷை புதிதல்ல. ஒரு சிமென்ட் கம்பெனியின் சரக்கு அனுப்பும் பிரிவில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறான், வேலையே இதுதான். புதுக்கோட்டையிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் டீலர்கள் போனில் கத்துவார்கள், லோடு எங்கய்யா, கொத்தனார் சும்மா நிக்கிறான் என்று. லோடு ஏறிட்டிருக்கு சார் என்றால் லாரியே வரவில்லை என்று அர்த்தம். கேட் தாண்டிடுச்சு என்றால் இப்போதுதான் மூட்டை ஏற்றுகிறார்கள். டிரைவர் சாப்பிட நிறுத்தியிருப்பார் என்றால் டிரைவர் வீட்டில் தூங்குகிறார். இதையெல்லாம் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லும் வாயை வைத்துக்கொண்டு அவன் அந்தக் கம்பெனிக்காரனை நம்பினான் என்பதுதான் வேடிக்கை. ஒவ்வொரு தேதிக்கும் லீவ் போட்டான். கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு என்று லீவ் லெட்டரில் எழுத முடியுமா? மாமாதான் வழி சொன்னார். என் பேரைச் சொல்லிக்குங்க மாப்ள, வயசானவன்தானே, நம்புவாங்க. முதல் தடவை சுகர் ஏறிவிட்டது என்று எழுதினான், காலையில் கம்பெனிக்காரன் தேதியைத் தள்ளிவிட்டான், இரண்டு பேரும் அன்றைக்குப் பழைய பாகத்தையே ஆடினார்கள், பூங்கொடி பஜ்ஜி போட்டுக் கொடுத்தாள். இரண்டாவது தடவை பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். மூன்றாவது தடவைக்கு மாமா பேனாவைக் கையில் வாங்கி யோசித்து, இந்த வாட்டி நெஞ்சு வலின்னு போடுங்க, கொஞ்சம் கௌரவமா இருக்கட்டும் என்றார். இதை எழுதியிருக்க வேண்டாம். எழுதியதால்தான் வந்தது என்று படித்தவன் எவனும் சொல்ல மாட்டான், அவனும் சொல்லவில்லை, ஆனாலும் எழுதியிருக்க வேண்டாம். கௌரவமா இருக்கட்டும். அந்த வார்த்தை எங்கிருந்தோ புறப்பட்டு எந்த நினைப்பின் குறுக்கேயும் வந்து நிற்கும், பல் தேய்க்கும்போது கூட.

எண்பது, தொண்ணூறு, திறந்துவிட்டது. இசை நன்றாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஏழு வருஷத்தில் இசையை முடித்திருக்கிறார்கள். மெனு வந்தது. புதிய பயணம், பயிற்சி, குடியிருப்புகள், இணைந்து பறத்தல். செங்குட்டுவன் நேரே கடைசிக்குப் போனான். பொத்தான் சாம்பல் நிறத்தில் இருந்தது. அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோனதும் ஒரு சின்னக் கட்டம் எழுந்து, விரைவில் என்றது. குடியிருப்புகள் மேல் வைத்தான், விரைவில். பயிற்சியைத் தட்டினான், ஒரு வெள்ளைக்காரப் பெண் பாதி வாக்கியம் பேசிவிட்டு வாயைத் திறந்தபடி உறைந்து போனாள். சரி, இதெல்லாம் போகட்டும், பறக்கிறதா பார்ப்போம் என்று ஒரு சின்ன ராக்கெட்டைக் கட்டித் தளத்தில் நிறுத்தினான். நிறுத்திய மாத்திரத்தில் அது முருங்கைக்காய் மாதிரி ஆட ஆரம்பித்தது. காற்று இல்லை, இயந்திரம் போடவில்லை, சும்மா நின்ற இடத்தில் ஆடியது, ஆடி ஆடி நடுவில் ஒடிந்து இரண்டு துண்டாகி, கீழ்த் துண்டு தரைக்குள் புதைந்து போனது. தரைக்குள்ளே! இடிக்கவில்லை, வெடிக்கவில்லை, தரையில் தரையே இல்லாத மாதிரி நழுவி உள்ளே போயிற்று. அவனுக்குக் கோபம் வர வேண்டும், வந்தது என்றுதான் நினைத்தான், ஆனால் வந்தது வேறு எதுவோ, பஸ் போன பிறகு ஸ்டாப்பில் வந்து நிற்பவனுக்கு வருவது மாதிரி ஒரு வெறுமை. இதற்குத்தானா? என்று நினைப்பு எழுந்தது, அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்ததால் அவசரமாக வேறு பக்கம் திரும்பினான். ஆட்கள் கருத்துச் சொல்லும் பக்கத்தைத் திறந்தான். வெளியாகி ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் பன்னிரண்டாயிரம் பேர் திட்டியிருந்தார்கள். போலந்தில் ஒருவன் என் தாடி நரைத்துவிட்டது என்று எழுதியிருந்தான். பிரேசிலில் ஒருத்தி, நீங்கள் தேதி சொன்னீர்கள், நான் நம்பினேன், நம்பியதற்கு என்ன பதில் என்று கேட்டிருந்தாள். ஒருவன் ஒன்றுமே எழுதாமல் ஏழு வருஷமும் வந்த தேதிகளை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டிருந்தான். செங்குட்டுவன் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தான். மூன்றாவது தேதி, நெஞ்சு வலி. அதற்குக் கீழே நான்காவது அறிவிப்பு, இந்திய நேரப்படி மதியம் ஒரு மணி. அதற்கு மேல் படிக்காமல் பக்கத்தை மேலே தள்ளிவிட்டான்.

தானும் எழுதுவோம், பன்னிரண்டாயிரத்து ஒன்றாவது ஆளாக இருந்துவிட்டுப் போவோம். பெட்டியைத் திறந்து ஆங்கிலத்தில் தட்டினான். நீங்கள் ஏழு வருஷம் எங்களிடம் பொய் சொன்னீர்கள் என்று ஆரம்பித்தான். நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் நாங்கள் ஏற்றுக்கொண்டிருப்போம், நீங்கள் சொல்லாமல் இருந்ததுதான், என்று இரண்டாவது வாக்கியம் போனது, பாதியில் விரல் நின்றது. அழித்தான். தரம் மோசம் என்று எழுதினான். அதையும் அழித்தான். சொல்லாமல் இருந்ததுதான். சமையலறையில் இடிக்கும் சத்தம் நின்றிருந்தது, எப்போது நின்றது? அந்த வியாழக்கிழமையும் இப்படித்தான், சத்தமே இல்லாமல் ஆரம்பித்தது. பத்தரைக்குப் பூங்கொடி போன் செய்து, அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குதுங்குறாரு, ஆட்டோவுல ஏத்திட்டேன், நீங்க வந்துடுங்க என்றாள். எழுந்து ஆரோக்கியசாமியின் மேஜைக்குப் போய், சார், மாமனாருக்கு நெஞ்சு வலி, கிளம்பணும் என்றான். அவர் நிமிர்ந்து பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை, கிறிஸ்துமஸுக்குத் தானே வந்து எல்லார் மேஜையிலும் கேக் வைப்பவர். விளையாட்டு விஷயம் எப்படியோ ஆபீஸ் முழுக்கப் பரவியிருந்தது. இன்னிக்கு ராக்கெட்டு எத்தனை மணிக்குய்யா என்று கேட்டார். பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். அப்போது செங்குட்டுவன் செய்த காரியம் என்னவென்றால், அவனும் சிரித்தான். பழக்க தோஷம். மூன்று தடவை அந்த மேஜை முன்னால் அந்தப் பொய்யைச் சொன்ன முகம், நான்காவது தடவை உண்மையைச் சொல்லும்போதும் அதே சிரிப்பைப் போட்டுக்கொண்டது. சிரித்தவனை யார் நம்புவார்கள்? லோடு ஷீட்டை முடிச்சிட்டுப் போங்க என்றார். அவன் உட்கார்ந்து முடித்தான். சண்டை போடவில்லை, கத்தவில்லை, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போகவில்லை. பன்னிரண்டரைக்கு மறுபடி போய் நின்றபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை, அதைப் பார்த்து அவர் பதறிப்போய், என்னய்யா நிஜமாவா, ஓடுங்க ஓடுங்க என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். இதுதான் ஆபீஸ்ல விடலை என்பதன் முழு விவரம். இதை மட்டும் பூங்கொடியிடம் சொல்லலாம். இதை எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறான், கேட்பதற்கு நன்றாகவே இருக்கும், அவன் பேரிலும் தப்பு உண்டு, அவர் பேரிலும் கொஞ்சம் உண்டு, மாமாவின் பேனாவுக்கும் ஒரு பங்கு உண்டு. அவள் அழுவாள், பிறகு தேறிவிடுவாள். ஆனால் ஆபீஸிலிருந்து ஆஸ்பத்திரி கால் மணி நேரம். பன்னிரண்டரைக்குக் கிளம்பினவன் பன்னிரண்டே முக்காலுக்கு அங்கே இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு ராக்கெட் கட்டினான், இந்தத் தடவை குட்டையாக, மூன்று தூண் முட்டுக் கொடுத்து. ஆடவில்லை. இயந்திரத்தைப் போட்டான், கிளம்பியது, ஆயிரம், இரண்டாயிரம், ஓரத்தில் எண்கள் ஓடின, படிப்பதற்கு ஆள் இல்லை. இன்ஷூரன்ஸ் கார்டு வீட்டில் இருந்தது. அது இல்லாமல் ஆஸ்பத்திரியில் கவுண்டரில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பூங்கொடியே இரண்டாவது போனில் சொன்னாள், அதனால் வீட்டுக்கு வந்தான், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆறாயிரம். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஒரு மணிக்கு ஏழு நிமிஷம் இருந்தது. கார்டு கம்ப்யூட்டர் மேஜை இழுப்பறையில் இருந்தது, எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஒன்பதாயிரம். கம்ப்யூட்டரை அவன் அணைக்கவே மாட்டான், திரையில் கம்பெனிக்காரனின் பக்கம் திறந்தபடி இருந்தது, நேரடி ஒளிபரப்பு தொடங்க ஏழு நிமிஷம் என்று ஒரு கடிகாரம் இறங்கிக்கொண்டிருந்தது. தலையில் ஹெல்மெட் இருந்தது. வண்டிச் சாவி கையில் இருந்தது. நல்ல செய்தியாக இருந்தால் மாமாவிடம் போய்ச் சொல்லலாமே என்று நினைத்தான். சத்தியமாக அப்படித்தான் நினைத்தான், தேதி வந்துவிட்டது மாமா என்று காதருகே போய்ச் சொன்னால் அவர் கண்ணைத் திறந்து சிரிப்பார் என்று ஒரு படம் மனசில் ஓடியது. ஏழு நிமிஷம் நின்றான். பிறகு கம்பெனிக்காரர்கள் பேசத் தொடங்கினார்கள், வளவளவென்று பேசினார்கள், ஒவ்வொருவராக வந்து நன்றி சொன்னார்கள், விஷயத்துக்கு வர மாட்டேன் என்றார்கள். இதோ சொல்லப் போகிறார்கள், இதோ சொல்லப் போகிறார்கள் என்று நின்றான். உட்காரவில்லை. உட்கார்ந்தால் விளையாட்டுக்காக உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும், நின்றால் கிளம்பிக்கொண்டிருக்கிற மாதிரி. மொத்தம் இருபத்தொன்பது நிமிஷம். வெளியே ஓடி வண்டியை எடுத்தபோது ஒன்று இருபத்திரண்டு, ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டான், கேட்டின் மேல் பழி போட முடியவில்லை. பதினைந்தாயிரம். அந்த உயரத்தில் வானம் நீலத்திலிருந்து கறுப்பாக மாற வேண்டும், முதல் பாகத்தில் அப்படித்தான் மாறும், அந்த இடத்தில் மாமா ஒவ்வொரு தடவையும் பேச்சை நிறுத்திவிடுவார். இரண்டாம் பாகத்தில் வானம் மாறவில்லை. சதுரம் சதுரமாக ஒரு சாம்பல் நிறம் வந்து திரையை மூடியது. இன்வெர்ட்டர் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

அறை வாசலில் பூங்கொடி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ஹாலில் ஃபேன் சோர்ந்துபோய் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அவள் நெற்றியெல்லாம் வியர்வை.

“காத்தாடியும் ஓயுது. உங்க ராக்கெட்டுதான் எல்லாத்தையும் உறிஞ்சுது போல. வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

“எப்படி இருக்கு?”

“இன்னும் முடிக்கலை. முடிக்காமலே குடுத்துட்டாங்க.”

அவள் உள்ளே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். இன்வெர்ட்டர் விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது. ரெண்டு பேரு உக்காந்து ஓட்டுறதுன்னு அப்பா சொல்லிட்டே இருப்பாரே, அது இருக்கா என்று கேட்டாள். அது இன்னும் வரலை என்றான். இத்தனைக்கும் பிறகு ஏதாவது ஒன்றைச் சொல்லி எழுந்து போய் பேட்டரியைப் பார்க்கலாம், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, நாளைக்குச் சொல்லலாம், வியாழக்கிழமை சொல்லலாம். லோடு ஏறிட்டிருக்கு சார். அவனுக்குத் தன் வாயின் மேலேயே அருவருப்பாக இருந்தது.

“பூங்கொடி, வெள்ளிக்கிழமை ஆரோக்கியசாமி சாரை ஒண்ணும் கேக்காத.”

“ஏன்?”

“அவர் மேல தப்பு இல்ல. அன்னிக்கு பன்னெண்டரைக்கே விட்டுட்டாரு.”

“தெரியும்” என்றாள்.

சும்மா அடுப்பை அணைத்துவிட்டேன் என்பது மாதிரித்தான் சொன்னாள். செங்குட்டுவன் நாற்காலியோடு திரும்பி அவளைப் பார்த்தான்.

“பன்னெண்டு நாப்பதுக்கு எனக்கு போன் பண்ணாரு. கிளம்பிட்டாரும்மா, பயப்படாதீங்க, நான் முதல்ல நம்பாம விட்டுட்டேன், மன்னிச்சிடுங்கன்னு சொன்னாரு. அன்னிக்கு இருந்த இருப்புல நான் ஒண்ணும் பேசாம வச்சிட்டேன். அதுக்கப்புறம் அவரைப் பாக்கவே இல்ல. ரிடையர் ஆகிப் போறதுக்குள்ள, நீங்க பண்ணது உதவிதான் சார்னு ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்தேன். வேற என்ன கேக்கப் போறேன் அவர்கிட்ட.”

அவள் கட்டிலில் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அப்பாவுக்கு நெனவு இருந்துச்சு. மாப்ள எங்கன்னு கேட்டாரு. கிளம்பிட்டாராம்ப்பா, வந்துட்டே இருக்காருன்னு சொன்னேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டாரு. கேக்குறப்பல்லாம் அதையேதான் சொன்னேன். ஏழெட்டு தடவை சொல்லியிருப்பேங்க. கடைசியா சொன்னது அவருக்குக் கேட்டுச்சான்னு தெரியல.”

“ஏன் என்கிட்ட கேக்கல?”

“நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்.” முந்தானையை மடியில் போட்டு நீவினாள். “வண்டி பஞ்சரோன்னு நெனச்சேன். எங்கயாவது விழுந்து எழுந்து வந்து மறைக்கிறீங்களோன்னு நெனச்சேன். அதெல்லாம் இல்லைன்னு தெரிஞ்சப்புறம், வேற எவ வீட்டுக்காவது போயிட்டு வந்தீங்களான்னுகூட ஒரு மாசம் நெனச்சேன். அசிங்கமாத்தான் இருந்துச்சு, ஆனா நெனச்சேன். எங்க இருந்தீங்க?”

“இங்கதான்” என்றான். “கார்டு எடுக்க வந்தேன். இதைப் பத்தி அன்னிக்கு ஒரு மணிக்கு அறிவிப்பு இருந்துச்சு. நின்னு பார்த்துட்டேன்.”

“எவ்வளவு நேரம்?”

“இருபத்தொன்பது நிமிஷம்.”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம், இரண்டு வருஷமாக அந்தத் திட்டுக்குத்தான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். அவள் திட்டவில்லை. அவனைத் தாண்டி, சாம்பல் சதுரங்கள் நிறைந்த திரையைப் பார்த்தாள். எதிலாவது ஒன்றைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது போல ஓரத்தில் உறைந்து நின்ற எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள், உதடு மட்டும் அசைந்தது. தெருவில் பாத்திரக்காரன் கூவிக்கொண்டு போனான்.

“அன்னிக்கு என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள்.



“தேதியைத் தள்ளி வச்சிருக்கோம்னு சொன்னாங்க” என்றான்.